ஞாயிறு பாடசாலை ஆசிரியர் சங்கம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போதகர்களே, அருட்தந்தையரே, ஆசிரிய சகோதர சகோதரிகளே,

சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பிறகு மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. புளியந்தீவு, கல்லடி, தாண்டவன்வெளி ஆசிரியர்களோடு கல்முனைப் பக்கத்து ஆசிரியர்களும் வந்து சேர்ந்தார்கள். கத்தோலிக்க மறைக்கல்வி ஆசிரியர்களும் மெதடிஸ்த, அங்கிலிக்கன் ஆசிரியர்களும் ஒரே மேசையில் இருந்து பாடம் தயாரித்தது எனக்குப் பெரிய சந்தோசம். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை கேள்விப் பெட்டி. பெயர் எழுதாமல் பிள்ளைகள் கேள்வியைப் போடலாம் என்று சொன்னோம். வேதாகம அறிவுக் கேள்விகள் மிகக் குறைவாகவே வந்தன. 2004 சுனாமியில் அம்மம்மாவைக் கடல் கொண்டுபோனபோது கடவுள் எங்கே இருந்தார் என்று ஒரு பிள்ளை கேட்டிருந்தது. என் சைவ நண்பி மோட்சத்துக்குப் போவாளா என்று இன்னொன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததைப் பற்றியும் கேள்விகள் வந்தன. அன்று இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தார்கள். இந்த ஊரில் அந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போக முடியாது.

இவற்றுக்கு ஒரு வசனத்தைச் சொல்லிப் பிள்ளையின் வாயை மூடுவது சரியல்ல என்று ஆசிரியர் பயிற்சியில் நீண்ட நேரம் பேசினோம். லூக்கா 24 ஆம் அதிகாரத்தைத்தான் அதற்கு எடுத்தோம். எம்மாவுக்குப் போகும் வழியில் துக்கத்தோடு நடந்த இருவரிடமும் இயேசு முதலில் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்றுதான் கேட்கிறார். அவர்கள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் வேதத்தை விளக்குகிறார். அந்த ஒழுங்கையே வகுப்புக்கும் வைத்துக்கொண்டோம்: முதலில் பிள்ளை பேசட்டும், அப்புறம் பாடம். பதில் தெரியாத இடத்தில் ஆசிரியர் பிள்ளையோடு சேர்ந்து ஜெபிக்கலாம், போதகரிடம் கூட்டிக்கொண்டு போகலாம். இப்படிச் செய்த வகுப்புகளில் பெரிய பிள்ளைகள் நின்றுவிடாமல் வருகிறார்கள் என்பது ஆசிரியர்கள் சொன்ன செய்தி.

இளைஞர்கள் ஊதாரி மைந்தன் கதையை நம் ஊர்க் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தாகப் போட்டார்கள். கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து பல இரவுகள் ஆட்டம் பழக்கினார். தகப்பன் ஓடிவந்து மகனைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில் களரியைச் சுற்றி நின்ற பெரியவர்கள் கண் கலங்கினார்கள். கோயில் பக்கமே வராத தகப்பன்மார் சிலர் அன்று வந்திருந்தார்கள். நம் மண்ணில் கூத்து இருக்கும்போது வேறு ஊர்ப் பாடப் படங்களை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். 1814 இல் இங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஒரு வருடம் நிறையுமுன்னே, 1815 இல் இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்திலும் அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரிக்கு அதுதான் தொடக்கம். 1962 முதல் 1965 வரை கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு திருப்பலி தமிழில் வந்தது. சனத்தின் மொழிக்குள் இறங்கி வருவது நமக்குப் புதிய வேலை அல்ல.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் வசனம் அனுப்புவது தொடர்கிறது. ஆனால் வராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் நேரில் போவதற்கு அது ஈடாகாது. அடுத்த ஆண்டு ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருடைய வீட்டுக்கும் போய்வர வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது.

ஞாயிறு காலை ரியூசன் விடயத்துக்கும் முடிவு வேண்டும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைப் பெற்றோர் ரியூசனுக்குத்தான் அனுப்புவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சனி மாலையில் வகுப்பு வைக்கலாமா என்பதை இந்தச் சபை இன்றே பேசித் தீர்மானிக்க வேண்டும். வகுப்பு நடத்த முன்வரும் ஆசிரியர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்