மேயர் சம்பளத்தை மக்கள் முன் வைக்குமுன்: டெக்சாஸ் நகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்ற உறுப்பினர்களே, சாசனத் திருத்தக் குழுவினரே,

மேயரின் சம்பளம் நகரின் அடிப்படைச் சட்டமான நகரச் சாசனத்திலேயே எழுதப்பட்டிருந்தால், அதை மாற்ற மக்கள் வாக்கெடுப்பு தேவை. அந்த வாக்கெடுப்பு தோற்பதற்கு மக்களின் கஞ்சத்தனத்தைக் காரணம் காட்டாதீர்கள். பெரும்பாலும் திருத்தம் எழுதப்பட்ட விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

ஃபோர்ட் வொர்த்தைப் பாருங்கள். 2022இல் அங்கே மேயருக்கு ஆண்டுக்கு 29,000 டாலர், மன்ற உறுப்பினருக்கு 25,000. பத்து லட்சம் பேர் வாழும் ஊரில் இந்தத் தொகையை நம்பி யார் வேலையை விட்டு வருவார்கள்? வசதி படைத்தவர்களும் ஓய்வு பெற்றவர்களும்தான் போட்டியிட முடியும். ஆனாலும் 2022 மே மாதம் மக்கள் உயர்வை நிராகரித்தார்கள். மேயருக்குத் துறைத் தலைவர்களின் சராசரிச் சம்பளத்தில் பாதி என்பதே முன்மொழிவு. துறைத் தலைவர்களின் சம்பளத்துக்கான பட்ஜெட்டை நிறைவேற்றுவது இதே மன்றம். அதிகாரிகளுக்குக் கூட்டினால் தங்களுக்கும் கூடும் என்ற ஏற்பாட்டை வாக்காளர் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

சான் அன்டோனியோவில் 1951 சாசனப்படி உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு 20 டாலர்தான்; மேயருக்கு அதோடு ஆண்டுக்கு 3,000 டாலர். 2015இல் இது மேயருக்கு 61,725, உறுப்பினருக்கு 45,722 டாலர் என்ற ஆண்டுச் சம்பளமானது. 2024 நவம்பரில் மக்கள் அதை 87,800 ஆகவும் 70,200 ஆகவும் உயர்த்தினார்கள். இனி வரும் மாற்றம் அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறை வெளியிடும் குடும்ப வருமான அளவைப் பின்பற்றும். அந்த எண்ணில் மன்றம் கை வைக்க முடியாது. எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான்: அளவுகோல் நகராட்சிக்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்தது வாக்குச்சீட்டு வாசகம். ஹூஸ்டனில் 2010இல் மழைநீர் வடிகால் திருத்தம் வெற்றி பெற்றது. ஆனால் கட்டணம் விதிக்கப்படும் என்பதை வாசகம் சொல்லவில்லை என்று 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் குறை கண்டது. சம்பளத் திருத்தத்திலும் பணத்தை மறைக்காதீர்கள். "மேயரின் ஆண்டுச் சம்பளத்தை இன்றைய இத்தனை டாலரிலிருந்து இத்தனை டாலராக உயர்த்தி, அடுத்த தேர்தலுக்குப் பின் பதவியேற்பவர் முதல் வழங்கலாமா?" என்று பழைய தொகை, புதிய தொகை, தொடங்கும் நாள் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். இன்று பதவியில் இருப்பவருக்கு இந்தப் பதவிக்காலத்தில் ஒரு டாலரும் உயராது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு திருத்தத்தில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். பதவிக்கால நீட்டிப்பைச் சம்பளத்தோடு ஒட்டாதீர்கள்.

செலவு மதிப்பீட்டை மழுப்பாமல் கணக்காகவே காட்டுங்கள். சான் அன்டோனியோவில் மேயரும் பத்து உறுப்பினர்களும் பெற்ற மொத்தம் 5,18,945 டாலர். புதிய தொகைகளின்படி 7,89,800. வித்தியாசம் 2,70,855. ஊரின் சுமார் 15 லட்சம் மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 18 சென்ட். இப்படிச் சொன்னால் யாருக்கும் புரியும்.

நாள்களில் தவறு நேர்ந்தால் மற்ற உழைப்பெல்லாம் வீண். தேர்தலுக்கு 78 நாள் முன்னதாகவே மன்றம் தேர்தல் ஆணை பிறப்பிக்க வேண்டும். நவம்பர் தேர்தலென்றால் ஆகஸ்ட் நடுப்பகுதி. அடுத்தடுத்த இரு வாரங்கள், ஒரே கிழமையில், திருத்த வாசகமும் நிதி மதிப்பீடும் செய்தித்தாளில் வர வேண்டும். முதல் அறிவிப்பு தேர்தலுக்கு 14 நாளுக்கு முன்பே வந்தாக வேண்டும். இன்னொன்றும் பலர் மறப்பது: சாசனத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் திருத்தக் கூடாது. அதே நாளில் வேறு திருத்தங்கள் தேறி, சம்பளத் திருத்தம் மட்டும் தோற்றால், அதுவும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே ஆணைக்கு ஒரு மாதம் முன்பாவது வரைவு வாசகத்தை வெளியிட்டு, பொதுக் கூட்டத்தில் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நகரச் சாசனத் தேர்தல்களைக் கவனித்து வரும் குடிமக்கள்