கோட்டூர்புரம் நூலகத்தில் பார்த்த அக்காவுக்கு

2023ல் இன்ஜினியரிங் முடித்தேன். பதினோரு மாதம் வேலை தேடி ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளில் வாக்-இன் இன்டர்வியூ, வாக்-இன் இன்டர்வியூ என்று அலைச்சல்தான்.

அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஒரே பக்கத்தை வெகுநேரம் வெறித்துக்கொண்டிருப்பதைக் கவனித்து, "என்னப்பா புரியல?" என்றீர்கள். டேட்டாபேஸில் இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துப் பார்க்கிற எஸ்.க்யூ.எல். ஜாயின். உங்கள் நோட்டில் இரண்டு கட்டம் போட்டீர்கள்: ஒன்றில் மாணவர்கள் ஐந்து பேர், இன்னொன்றில் அவர்களில் பஸ் பாஸ் வாங்கிய மூன்று பேர். இன்னர் ஜாயின் போட்டால் மூன்று பேர்தான் வருவார்கள். மாணவர் பக்கத்திலிருந்து லெஃப்ட் ஜாயின் போட்டால் ஐந்து பேரும் வருவார்கள், பாஸ் இல்லாத இருவருக்கு நேரே 'நல்' (null), அதாவது தகவல் இல்லை. கல்லூரியில் மனப்பாடம் செய்தது அந்தப் பென்சில் கோட்டில்தான் எனக்கு விளங்கியது.

பிறகு ரெஸ்யூமை வாங்கி அப்பா பெயர், பொழுதுபோக்கு எல்லாவற்றையும் அடித்தீர்கள். "இந்த ப்ராஜெக்ட் நீ செஞ்சதா?" என்றதும் தலை குனிந்தேன். நீங்கள் திட்டவில்லை. "சின்னதா இருந்தாலும் நீயே ஒண்ணு எழுது" என்றீர்கள். எங்கள் தெரு மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு ஒன்று எழுதினேன். வேலை கிடைத்த இன்டர்வியூவில் முக்கால் மணி நேரம் அதைப் பற்றியேதான் கேட்டார்கள்.

போன வாரம் முதல் சம்பளம் வந்தது. அம்மா உங்கள் பெயரைக் கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த நோட்டுத் தாள் இன்னும் என் பர்சில் இருக்கிறது. ரொம்ப நன்றி, அக்கா.