வாடைக்கு முன் ஒரு நாள்: ட்ரெயில் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

சேர்விஸுக்கு விட்ட பைக்கை எடுக்க வரும்போது, பில்லில் "கிறீஸ் வேலை" என்று தனியாக ஒரு வரி இருப்பதைப் பார்த்து, "ஒயில் மாற்றத்தானே விட்டேன், இது எதற்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கவுண்டரில் அவசரத்தில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதிலையும் இங்கே எழுதியிருக்கிறோம். செரோ, ஜெபல், பஜா, எக்ஸ்ஆர், எக்ஸ்பல்ஸ் என்று தார் றோட்டிலும் காட்டுப்பாதையிலும் ஓடும் எந்த ட்ரெயில் பைக்கை வைத்திருந்தாலும் இது உங்களுக்குப் பொருந்தும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் எல்லோரும் இருந்த பைக்கையே இழுத்துப் பிடித்து ஓடினோம். இன்றைய விலையில் இன்னொன்று எடுப்பதும் லேசில்லை. ஆகவே கையில் இருப்பதை இன்னும் பத்து வருடம் ஓட்டுவது எப்படி என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

இந்த வகை பைக்கில் எஞ்சின் சுலபத்தில் சாகாது. இருநூறு, இருநூற்றைம்பது சிசி அளவில் ஒற்றைச் சிலிண்டர், பெரும்பாலும் காற்றில் குளிரும் எஞ்சின். அதைக் கசக்கிப் பிழிந்து வேகம் எடுக்கும் வடிவமைப்பு இல்லை. ஒயிலும் எயார் பில்டரும் ஒழுங்காக இருந்தால் அது தன்பாட்டில் ஓடும். திருகோணமலையில் பைக்கைக் கொல்வது எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது: பின்கையின் (பின்வீலைத் தாங்கும் கையின்) ஊசிப் பெயரிங், ஹாண்டில் பெயரிங், வீல் பெயரிங், வயர் முட்டுகள். உப்பும் மணலும் தண்ணீரும் சேர்ந்து இவற்றைத்தான் தின்னும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியும்போது பெயரிங்கோடு இன்னும் இரண்டு மூன்று சாமான் சேர்ந்து போயிருக்கும்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். குச்சவெளிப் பக்கமிருந்து வேகமாக வருகிறீர்கள். வீலின் ஹப் (நடுக்குடம்) சூடாகி, உள்ளே இருக்கும் காற்றும் விரிந்திருக்கும். அதே சூட்டில் தண்ணீருக்குள் இறக்கினால் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே இருந்த காற்றும் சுருங்கும். சுருங்கும் காற்று, பெயரிங்கை மூடும் ரப்பர் சீலின் உதட்டைத் தாண்டித் தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். சீல் புதிதாக இருந்தாலும் கொஞ்சம் போகத்தான் செய்யும். அதனால் ஆறோ வாய்க்காலோ கடக்க வேண்டியிருந்தால் கரையில் ஐந்து பத்து நிமிடம் நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சூட்டோடு சூடாகக் கழுவுவதும், பிரஷர் தண்ணீரை ஹப்புக்கும் ஹாண்டில் கழுத்துக்கும் நேராகப் பிடிப்பதும் இதே கேட்டைச் செய்யும். குழாய்த் தண்ணீரும் வாளியும் போதும். கடற்கரை மணலில் ஓடினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நாளைக்கு என்று விட்டால் அலுமினியத்தில் வெள்ளைப் பூ பூத்துவிடும்.

இனி, வாடைமழைக்கு முன் கிறீஸ் வேலைக்கு எடுக்கும் அந்த ஒரு நாளில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம்.

பைக்கை ஸ்டாண்டில் தூக்கி, பின்வீலையும் சொக்கையும் (அதிர்வு தாங்கியையும்) கழற்றிவிட்டு, பின்கையை சேஸியோடு பிடித்திருக்கும் நீட்டு போல்ட்டை உருவுகிறோம். முழு வேலையிலும் முக்கியமானது இந்த போல்ட்தான். பல வருடம் அசைக்காமல் விட்டால் அது உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப் பிடித்துவிடும். அதன் பிறகு சுத்தியலுக்கும் வராது, சூடு காட்டினாலும் வராது. வாளால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வருடம் ஒரு முறை உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் பூசித் திரும்பப் போட்டால் அந்த போல்ட் பைக் இருக்கும்வரை இருக்கும்.

பிறகு, பின்கையைச் சொக்கோடு இணைக்கும் லிங்க் பெயரிங்குகள். பழைய கிறீஸை முழுவதும் கழுவி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்கிறோம், ஏனென்றால் சில கிறீஸ் வகைகள் ஒன்றோடு ஒன்று சேராது. கலந்தால் இளகி வடிந்துவிடும். உள்ளே போகும் இரும்புக் குழாயைத் துடைத்து நகத்தால் தடவிப் பார்க்கிறோம். ஊசிகள் பதிந்த கோடுகளில் நகம் மாட்டினால் குழாயையும் பெயரிங்கையும் சோடியாக மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைச் சீக்கிரம் தின்றுவிடும். நகம் மாட்டாவிட்டால் தண்ணீர் தாங்கும் கிறீஸை ஊசிகளுக்கிடையில் விரலால் அழுத்தி நிரப்புகிறோம். படகு எஞ்சின்காரர்கள் பாவிக்கும் நீலக் கிறீஸ் நல்லது. ஒரு பைக்குக்கு எல்லா இடமும் சேர்த்து 150 முதல் 200 கிராம் போகும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பைக்கின் அடியில் மரக்குற்றி வைத்துப் பின்வீலை நிலத்திலிருந்து தூக்கி, டயரை மேலும் கீழும் ஆட்டுங்கள். "டக்" என்று ஒரு தளர்வு கைக்குத் தெரிந்தால் லிங்க் பெயரிங். பக்கவாட்டில் ஆடினால் வீல் பெயரிங் அல்லது பின்கைப் பெயரிங். முன்வீலைத் தூக்கி ஹாண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். நேர் நடுவில் வந்து ஒரு பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கழுத்துப் பெயரிங்கில் குழி விழுந்துவிட்டது. அதை இறுக்கிச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். வீல் பெயரிங் வாங்கும்போது பழையதன் பக்கத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைப் பாருங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீற்றர். இலக்கத்துக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருப்பதையே கேட்டு வாங்குங்கள். அதற்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடி இருக்கும். தகரமூடிப் பெயரிங் நம் ஊருக்குச் சரிவராது.

பிறேக் கலிப்பரின் வழுக்கு ஊசிகளையும் அதே நாளில் கழற்றிச் சுத்தம் செய்கிறோம். அங்கே மட்டும் சாதாரண கிறீஸ் போடக்கூடாது, ரப்பர் வீங்கிவிடும்; சிலிக்கன் கிறீஸ்தான் போட வேண்டும். பிறேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். நிறம் தேயிலைச் சாயம்போல் ஆகும்வரை காத்திருக்காமல் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

மணல் விஷயத்துக்கு வருவோம். புல்மோட்டைக் கரையில் இருப்பது இல்மனைற்று கலந்த கருமணல், சாதாரண மணலை விட நல்ல பாரம். எண்ணெய் பூசிய செயினில் ஒட்டினால் அரைக்கும் கல்லாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கந்தளாய், மொறவெவப் பக்கத்துக் கிரவல் றோட்டுகளின் செம்புழுதி வேறு. இது எயார் பில்டரைத் தாண்டினால் பிஸ்டன் வளையம் தேய்ந்து நீலப் புகை வரும். எஞ்சின் பிரிக்கும் வேலை வருவது பெரும்பாலும் இந்த வழியால்தான்.

ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் 1000 கிலோமீற்றருக்கு ஒரு முறை, கடும் புழுதியில் ஓடினால் அதற்கும் முன்பே கழற்றுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்துக் கையால் அமுக்கிக் கழுவுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள், ஒட்டு விட்டுவிடும். பெற்றோலில் கழுவுவது ஸ்பொஞ்சையும் கெடுக்கும், கைக்கும் ஆபத்து. பிறகு சவர்க்காரத் தண்ணீர், பிறகு நிழலில் உலர்த்தல். நன்றாகக் காய்ந்ததும் பில்டர் ஒயில் விட்டு எல்லா இடமும் ஒரே நிறமாகும்வரை அமுக்குங்கள்; அது கிடைக்காவிட்டால் 80டபிள்யூ-90 கியர் ஒயில். வடிவது நின்றதும் விளிம்பில் கிறீஸ் ஒரு கோடு இழுத்துப் பூட்டுங்கள். ஒயில் இல்லாத ஸ்பொஞ்ச் புழுதியைப் பிடிக்காது. கடதாசி பில்டர் போட்ட பைக் என்றால் கழுவவும் வேண்டாம், காற்றடிக்கவும் வேண்டாம், மாற்றுங்கள். பில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயின் உட்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் எங்கோ ஒழுகுகிறது.

ஒயில் விஷயத்தில் நாங்கள் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இந்த எஞ்சின்களில் இருப்பதே ஒரு லீற்றர், ஒன்றரை லீற்றர். அதில் 300 மில்லிலீற்றர் எரிந்து போனாலே பெரிய பங்கு. 2000 கிலோமீற்றரில் மாற்றுங்கள், 500க்கு ஒரு முறை அளவு பாருங்கள். போத்தலில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற மோட்டார் சைக்கிள் ஒயில் தரக்குறி இருக்க வேண்டும். கார் ஒயில் போட்டால் கிளட்ச் வழுக்கும், ஏனென்றால் கிளட்சும் அதே ஒயிலுக்குள்தான் ஊறிக் கிடக்கிறது. எக்ஸ்ஆர் 250, பஜா வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: உங்கள் ஒயிலின் பெரும்பகுதி சேஸிக் குழாய்க்குள் இருக்கிறது. பைக் நின்றால் அது மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் குளிராக இருக்கும்போது ஒயில் அளவுக் குச்சியைப் பார்த்தால் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால் கூடிப்போய், எயார் பில்டர் பெட்டிக்குள் ஒயில் வந்து நிற்கும். பைக்கை ஓடிச் சூடாக்கி, சில நிமிடம் மெதுவாக இயங்கவிட்டு, நிறுத்தி, பைக்கை நேராகப் பிடித்து உடனே பாருங்கள். குச்சியைத் துடைத்து முறுக்காமல் வைத்து எடுக்க வேண்டும்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, பிளக்கைக் கழற்றி, கிக்கரால் அல்லது ஸ்டார்ட்டரால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, பில்டர் பெட்டியையும் பாருங்கள். ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் அதோடு ஓடாமல் எங்களுக்குச் சொல்லுங்கள்.

செயின் தேய்மானத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். செயினின் பக்கத்தில் 428 அல்லது 520 என்று அடித்திருக்கும். இழுத்துப் பிடித்து, 21 ஊசிகளை எண்ணி, முதல் ஊசியின் நடுவிலிருந்து கடைசி ஊசியின் நடுவரை அளவுநாடா வையுங்கள். 428 புதிதில் 254 மில்லிமீற்றர், 259 வந்தால் மாற்றுங்கள். 520 புதிதில் 317.5, 323 வந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு ஸ்ப்ரொக்கெட்டும் (பற்சக்கரமும்) சேர்த்து மாற்றுங்கள். கிளிப் பூட்டு என்றால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

இறுக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. ட்ரெயில் பைக்கின் பின்வீல் நிறைய மேலே கீழே போகும். முன் ஸ்ப்ரொக்கெட், பின்கை போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாகும். பைக் வெறுமனே நிற்கும்போது "அளவாக" இறுக்கினால், ஆள் ஏறியதும் கம்பிபோல் இழுபட்டு கியர்பெட்டி வெளித்தண்டின் பெயரிங்கைத் தின்றுவிடும், சீலால் ஒயில் கசியும். பின்கையில் ஒட்டியுள்ள அளவைப் பாருங்கள். ஸ்டிக்கர் உரிந்திருந்தால் பாரமான ஒருவரை இருத்தி, அந்த மூன்றும் நேராகும்போதும் செயின் கொஞ்சம் ஆடுகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தளர்ந்த செயின் சத்தம் போடும், மிகத் தளர்ந்தால் கழன்றும் விடும். இறுகிய செயின் பைக்கையே உடைக்கும்.

வால்வு விஷயத்திலும் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். டிக் டிக் என்று சின்னச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். சத்தமே இல்லாமல் போவதுதான் சந்தேகத்துக்குரியது. வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் இடையிலான இடைவெளி குறைந்தால் வால்வு முழுக்க மூடாது, சூடு இறங்க வழியில்லாமல் எரியும். காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது முதல் அறிகுறி. 6000 கிலோமீற்றருக்கு ஒரு முறை குளிர்ந்த எஞ்சினில் அளக்க வேண்டும்.

மின்சாரம் கெடுவது பெரும்பாலும் வயர் முட்டுகளில்தான். உப்புக்காற்றில் செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கழற்றி, சுரண்டி, மின்முட்டுக் கிறீஸ் பூசிப் பூட்டுவதைத்தான் நாங்கள் செய்கிறோம். பற்றரி ஓய்வில் 12.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வராவிட்டால் புதுப் பற்றரி வாங்கிப் பிரயோசனமில்லை. சார்ஜ் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மழை மாதங்களில் பைக்கை நிறுத்தி வைப்பவர்கள் டாங்கை நிரப்பி வையுங்கள். வெறும் டாங்கில் காற்றின் ஈரம் வியர்த்து உள்ளே துரு பிடிக்கும். காபரேட்டர் பைக் என்றால் மூன்று கிழமைக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் கீழ்க் கிண்ணத்துப் பெற்றோலை வடித்துவிடுங்கள். காய்ந்த பெற்றோலின் பிசின் மெல்லிய ஜெட் துளையை அடைத்துவிடும்.

ஸ்போக்கம்பிகளை மாதம் ஒரு முறை ஸ்பனரால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் சரி, மந்தமாக ஒலித்தால் தளர்வு. ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் இறுக்கக்கூடாது. தூரம் போகிறவர்கள் 21 அங்குல ரியூப் ஒன்றை மட்டும் கொண்டு போங்கள். அவசரத்துக்கு 18 அங்குலப் பின்வீலிலும் மடித்துப் போட்டு வீடுவரை வரலாம்.

எதற்குச் செலவழிப்பது என்று கேட்பவர்களுக்கு எங்கள் அபிப்பிராயம்: பெயரிங், சீல், பிறேக் பாட், செயின் கிட், கிளட்ச் தட்டு இவற்றில் நல்லதை வாங்குங்கள். மட்கார்ட், கண்ணாடி, சிக்னல் விளக்கு எது வேண்டுமானாலும் போடுங்கள். பெரிய சைலன்சர் வாங்கும் காசுக்கு ஒரு முழு பெயரிங் செட் வாங்கலாம். செரோ 225 மாதிரி உற்பத்தி நின்று இருபது வருடமளவில் ஆன பைக் வைத்திருப்பவர்கள் கேபிளையும் காபரேட்டர் ரப்பரையும் கிடைக்கும்போதே ஒரு சோடி எடுத்து வையுங்கள்.

கிறீஸ் வேலைக்கு செப்டெம்பரில் விடுவதே நல்லது. வாடைமழை தொடங்கிய பிறகு திறந்தால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்ட வேண்டிவரும். காலை எட்டு மணிக்குக் கொண்டு வாருங்கள். முதல் நாளே கழுவி உலர்த்தி, டாங்கில் பாதிக்குக் குறைவாகப் பெற்றோல் விட்டு, பைக்கோடு வந்த புத்தகம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்; இறுக்க அளவுகளை அதிலிருந்தே எடுக்கிறோம். கழற்றிய பழைய பெயரிங்குகளை ஒரு பையில் போட்டு உங்களிடமே தருவோம். விரலை விட்டுச் சுற்றிப் பார்த்த பிறகு காசைக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
பட்டறையும் உதிரிப்பாகக் கடையும்,
திருகோணமலை