மணற்காட்டு மேட்டில் ஒரேயொரு நடைபாதை கேட்டு

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வடமராட்சி கிழக்கின் கரைக்குப் பொறுப்பான கரையோரம் பேணல் திணைக்களத்தார், பிரதேச செயலகத்தார், பிரதேச சபையார், மாகாணச் சுற்றுலாத் துறையினர் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். மணற்காட்டு மணல்மேடு ஒன்றுதான். அதன் அலுவல்கள் நாலைந்து கந்தோர்களில் பிரிந்து கிடக்கின்றன. தனித்தனியாக எழுதுவதைவிட எல்லோரும் ஒரே மடலைப் படிப்பது நல்லது என்று பட்டது.

கேட்பது இதுதான். வீதிப் பக்கத்திலிருந்து மணல்மேட்டில் ஏறி மறுபக்கம் கடலுக்கு இறங்க, நடந்து போகிறவர்களுக்கு மட்டுமென்று ஒரேயொரு பாதையை அடையாளமிட்டுத் தாருங்கள். கொங்கிறீற்று வேண்டாம், தார் வேண்டாம். வாகனங்கள் மேட்டுக்கு இந்தப் பக்கம், வீதியோரத்தோடு நிற்கட்டும். பார்க்க வருகிறவர்கள் கண்டபடி ஏறும் மற்ற வழிகள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.

யாழ்ப்பாணம் தட்டை நிலம். ஏற்ற இறக்கம் காண ஆசைப்படும் எங்கள் பிள்ளைகள் இரவு பஸ் பிடித்து எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் போகிறார்கள். ஏறி, மூச்சு வாங்கி, உச்சியில் நின்று கடலைக் கண்டு இறங்கும் நடை என்று குடாநாட்டுக்குள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் மணற்காட்டைத்தான் சொல்வேன். பருத்தித்துறையிலிருந்து மருதங்கேணிப் பக்கம் போகும் வீதியில் வல்லிபுரம் கடந்து குடத்தனைப் பக்கம் வந்து கடலை நோக்கித் திரும்பினால், சவுக்கங்காட்டுக்கு அப்பால் மணல் எழுந்து நிற்கும். காய்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் சரிவாக நிற்காது, கொட்டுண்டு போகும். காற்று குவித்த மேட்டின் மறைவுப் பக்கம் அந்த எல்லைவரை செங்குத்தாகவே நிற்கும். அதில் ஏறினால் ஒரு அடி வைக்க அரை அடி கீழே வழுக்கும். வெயில் ஏறிய பிறகு வெறுங்காலோடு ஒரு இடத்தில் நிற்க முடியாது. உச்சிக்குப் போனதும் காற்று காதை அடைக்கும். கீழே வங்கக் கடல், மீனவர் தங்கும் வாடிகள், கரையில் இழுத்து வைத்த படகுகள். திரும்பிப் பார்த்தால் பனையும் சவுக்கும், மணல் பாதி மூடிய பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களும்.

மணலில் நடந்து கடலுக்கு இறங்குவது எங்களுக்குப் புதுப் பழக்கமில்லை. புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாரின் கடல் தீர்த்தத்துக்குக் கோயிலிலிருந்து கரைவரை சனம் மணலில் நடந்தே போகிறது. அப்புவும் ஆச்சியும் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் அந்த நடையில் ஒருவரும் வாகனம் கேட்பதில்லை. போர்க் காலத்தில் கரைப்பக்கம் போவதற்கே தடை இருந்த வருடங்களை எங்கள் வயதினர் மறக்கவில்லை. இன்று ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை தன் பாட்டில் மேடேறிக் கடலைப் பார்க்க முடிகிறதென்றால், அது பெறுமதியான விடயம். அதனால் தயவுசெய்து இந்த மடலைப் படித்துவிட்டு மேட்டை ஒட்டுமொத்தமாக மூடிவிடாதீர்கள். ஒரு பாதை வேண்டும் என்று கேட்பதே எல்லோரும் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். அடம்பன் கொடியைக் குனிந்து பார்த்தால் தெரியும், தரையோடு ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கும். காற்று மணலைக் கொண்டுவந்து இலையை மூட மூட, கொடி மேலே எழும்பிப் புதுக் கணுவில் புது வேர் விடும். மேடு வளர்வது இப்படித்தான். அதன் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கினால் தண்டு இரண்டு இடத்தில் அறும். வண்டிகள் மறுபடி மறுபடி ஏற, நசுங்கி வேர் அறுந்த கணுக்கள் காய்ந்து, இலை பழுப்பாகி, கொடி மணலிலிருந்து கழன்று வரும். சில்லு பதிந்த தடத்தில் மற்ற வண்டிகளும் ஏறுகின்றன, ஏனென்றால் அங்கேதான் மணல் அமுங்கி இறுகியிருக்கிறது. நடந்து வருகிறவர்களும் தடம் கண்ட இடமெல்லாம் ஏறுகிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. எந்த வழியால் போக வேண்டும் என்று ஒரு பலகைகூடச் சொல்லாதபோது அவரவர் தமக்குத் தெரிந்த வழியால்தான் போவார்கள்.

கொடி செத்த இடத்தில் மணல் வெறுமையாகும். வெறும் மணலில் காற்று குழி பறிக்கும். குழி ஆழமாக ஆழமாகக் காற்று அதற்குள் ஒடுங்கி இன்னும் வேகமாக வீசும். சில பருவங்களில் மேட்டின் முதுகில் ஒரு வாய் திறந்துவிடும். வாடைக்காற்று மாதங்களில் கடல் எழும்பி வரும்போது, அலை அந்த வாயைத்தான் தேடி வரும்.

2004 மார்கழி 26 வடமராட்சி கிழக்கை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. உடுத்துறையிலும் மணற்காட்டிலும் நினைவிடங்கள் இருக்கின்றன. யாலையில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கடல் நன்றாகத் தெரிய வேண்டுமென்று முன்னாலிருந்த மணல்மேட்டை வெட்டி அகற்றிய ஒரு விடுதியை அன்றைய அலை முற்றாக அள்ளிக்கொண்டு போனது. மேடு இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் ஒரே மதிலில் நாங்களே ஓட்டை போடுவதை எந்த மனத்தோடு பார்த்துக்கொண்டிருப்பது?

தண்ணீர் விடயம் இதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுந்தான் ஓடும். குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்தடி நீர். வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக்கிடக்கிறது. வடமராட்சி கிழக்கின் மணற்பாங்கான கரையில் நல்ல தண்ணீர் கிடைக்கிறதென்றால் அதற்கு இந்த மணல்தான் காரணம். மாரி மழையை மேடு ஒரு சொட்டும் ஓடவிடாமல் குடித்துக்கொள்ளும். அந்த நன்னீர் கீழேயுள்ள உப்புநீரின் மேல் மிதந்தபடி நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும். மேடு குறையக் குறைய அது பிடித்து வைக்கும் நன்னீரும் குறையும், அதாவது மேட்டிலிருந்து ஏற்றிப்போகும் ஒவ்வொரு லோட் மணலோடும் ஊரவர்களின் கிணற்று நீரும் சேர்ந்து போகிறது.

இதில் நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து விரித்துக் கட்டிய ஒல்லாந்தரின் தலைநகரான ஆம்ஸ்ரடாம் 1853 இலிருந்து தன் கரையோர மணல்மேடுகளிலிருந்து குடிநீர் எடுத்து வருகிறது. அந்த மேடுகளில் சனம் நடக்கலாம். நுழைவுச்சீட்டு உண்டு. சைக்கிள் கொண்டுபோக முடியாது, நாய் கொண்டுபோக முடியாது. நெதர்லாந்தில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் விடுமுறை நாட்களில் அங்கே போய் நடந்துவிட்டு வருகிறார்கள். தண்ணீரையும் நடையையும் ஒரே மேட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதை நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

பாதை எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறேன். நேர்கோடாக வெட்ட வேண்டாம். காற்று வரும் திசைக்கு முகம் கொடுத்த நேர்ப்பாதை சில மாதங்களில் காற்றோடும் வாய்க்காலாகிவிடும். சரிவில் குறுக்காக ஏறி, திரும்பி, மறுபடி குறுக்காக ஏறும் வளைந்த பாதைதான் நிலைக்கும், முழங்கால் நோவுள்ளவர்களுக்கும் அதுவே வசதி. மிகச் செங்குத்தான இடங்களில் மரச்சட்டங்களைக் கயிற்றில் கோத்து மணலின் மேல் விரித்தால் போதும். மணல் மூடினால் இழுத்து மேலே போடலாம். அத்திவாரம் தேவையில்லை. கடல் பக்கம் இறங்கும் இடத்தில் அலை அரித்து விளிம்பு செங்குத்தாக நிற்கும் மாதங்களில், அந்தச் சட்டப்பாதையை உள்ளே இழுத்துவிடலாம்.

இரண்டு பக்கமும் எங்கள் ஊர்ப் பனைமட்டை வேலி போடுங்கள். இதை ஆசைக்குச் சொல்லவில்லை. மணலைப் பிடிக்கும் வேலிக்குப் பாதி அடைப்பும் பாதி இடைவெளியும் வேண்டும். தகரம் அடித்தால் காற்று மோதிச் சுழன்று அடியைத் தோண்டும். இடைவெளி விட்டுக் கட்டிய பனைமட்டை வேலி காற்றின் வேகத்தைக் குறைத்து மணலைத் தன் காலடியில் இறக்கிவைக்கும். வேலி புதைந்ததும் அதன் மேல் அடுத்த வேலி. இடையில் அடம்பன் கொடியின் தண்டுகளைக் கணுவோடு வெட்டி மாரி தொடங்கும்போது புதைத்தால், தண்ணீர் ஊற்றாமலே பிடித்துக்கொள்ளும். மட்டை இல்லாத வளவு வடமராட்சியில் இல்லை. இதற்கு வெளிநாட்டு நிதி எதுவும் தேவைப்படாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சனசமூக நிலையங்களும் இரண்டு கிழமையில் கட்டி முடிப்பார்கள்.

ஊரவர்கள் தொழிலுக்குப் போய்வரும் வழியைத் தொட வேண்டாம். அது அவர்களுடையது. படகு, இயந்திரம், வலை எல்லாம் போக வேண்டிய வழியில் பார்க்க வருகிறவர்களின் கார் நிற்கக்கூடாது. சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் மேடேற முடியாத முதியவர்களுக்கும் அந்தத் தட்டையான வழியால் கரைவரை போக ஊரவர்களிடம் பேசி ஒழுங்கு செய்யலாம். கரைவலை இழுக்கும் நேரத்தில் வலையை இழுக்கும் கம்பாக் கயிற்றைத் தாண்டக் கூடாது, வாடி பருவம் கழிந்து ஆளில்லாமல் கிடந்தாலும் உள்ளே புகுந்து படம் எடுக்கக் கூடாது, வாடைக்காற்றுக் காலத்தில் கடலில் இறங்கக் கூடாது. இவற்றை மூன்று மொழியிலும் எழுதி, மேட்டின் உச்சியில் வைக்காமல் ஏறத் தொடங்கும் இடத்தில் வையுங்கள். உச்சியில் நிற்கிறவனுக்குக் கடலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது.

வாகனம் கடல்வரை போகாவிட்டால் யார் வரப்போகிறார்கள் என்று சுற்றுலாத் துறையினர் கேட்கக்கூடும். காரைநகரில் கசூரினா இருக்கிறது, வேலணையில் சாட்டி இருக்கிறது. வாகனத்தில் இறங்கிய இடத்தில் கடலைக் காண விரும்புகிறவர்களுக்கு அந்த இரண்டும் போதும். அங்கே மலசலகூடமும் குடிநீரும் ஒழுங்காக இருந்தாலே பெரிய காரியம். மணற்காட்டுக்கு நடந்து வருகிறவர்கள் வரட்டும். நடந்து வருகிறவன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போவான், தண்ணீர் கேட்பான், பசித்தால் ஊருக்குள் ஒரு வீட்டில் சோறும் மீன்குழம்பும் கிடைக்குமா என்று விசாரிப்பான். அந்தக் காசு ஊருக்குள் நிற்கும்.

மணல் ஏற்றுகிறவர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் மேலே எழுதிய எதற்கும் அர்த்தமில்லை. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. கனியங்களும் மணலும் அகழ்வதற்கு 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் போதாது என்று ஒருவரும் சொல்ல முடியாது. இரவில் உழவு இயந்திரமும் டிப்பரும் வருவது ஊருக்குள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மணல் ஏற்றுகிற இளைஞர்களில் பலர் கூலிக்குப் போகிறவர்கள், வேறு தொழில் இல்லாதவர்கள். அவர்களை மட்டும் பிடித்து வழக்குப் போட்டு, வாங்குகிறவர்களை விட்டுவிடுவது நியாயமில்லை. வீடு கட்டுகிற ஒவ்வொருவரிடமும் மணல் எங்கிருந்து வந்ததென்று அனுமதிப் பத்திரம் கேளுங்கள். கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் கந்தோருக்கு அது கடினமான வேலையல்ல. நடக்கிறவர்களுக்கு வேலி கட்டிவிட்டு உழவு இயந்திரத்துக்கு வழி திறந்திருந்தால், அந்த வேலியை அடுத்த மாதமே சனம் பிடுங்கிப்போடும். பிடுங்கினால் அவர்களை நான் கோபிக்கமாட்டேன்.

முதல் வேலையாக ஊரில் ஒரு கூட்டம் வையுங்கள். ஆலோசகர்களின் வரைபடம் வருவதற்கு முன்பே வையுங்கள். எந்தப் பக்கம் மணல் அசைகிறது, எந்தப் பக்கம் நின்றுவிட்டது, சோளகக் காற்றில் எது மூடும், வாடைக்காற்றில் எது திறக்கும் என்று அங்கே கரைவலை இழுத்து வளர்ந்த பெரியவர்களைவிட யாருக்கும் தெரியாது. கூட்டத்தைக் கிழமை நாளில் கந்தோர் நேரத்துக்கு வைத்தால் தொழிலுக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு, கோயில் வளவிலேயே வையுங்கள். பெண்களையும் பேசக் கேளுங்கள். கிணற்றில் உப்பு ஏறுவதை முதலில் நாவில் அறிகிறவர்கள் அவர்கள்.

கொடி நடுவதற்கு ஐப்பசி மழை வேண்டும். மட்டை வேலி அதற்கு முன்பே நிற்க வேண்டும். ஆகவே ஆவணி முடிவதற்குள் பாதையின் கோட்டைக் குறித்துவிட்டால் இந்த மாரியிலேயே வேலையைத் தொடங்கலாம். மட்டை சேர்க்கவும் வேலி கட்டவும் வடமராட்சியில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
வடமராட்சியிலிருந்து, மணற்காட்டில் நடந்து பழகிய ஒருவன்