நம்பரைக் கொடுத்தால் மட்டும் போதாது, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

பழைய மாணவர் சங்கத்தின் பட்டியலில் உன் பெயரைப் பார்த்ததும் மனசு நிறைந்தது. நம் துறையிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்காக இந்தப் பெருநகரத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருக்க நீயாகவே முன்வந்திருக்கிறாய். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன உனக்கு இதற்கு நேரம் ஒதுக்குவது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் படிவத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "என் நம்பரைக் கொடுத்துடுங்க அக்கா, ஏதாவது தேவைன்னா கூப்பிடட்டும்." அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். நல்ல மனதோடு இதையே சொல்கிற பலரைப் பார்த்துவிட்டதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கூப்பிட மாட்டார்கள், தம்பி.

கூப்பிடுகிற பிள்ளைகளும் உண்டு. அப்பாவோ சித்தப்பாவோ பெரிய அலுவலகத்தில் இருப்பார். மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்திருக்கும். அவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள், நீ இல்லாவிட்டாலும் சமாளித்துவிடுவார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய பிள்ளை அப்படியில்லை. 'அவர் பிஸியா இருப்பார், இதுக்கெல்லாமா கூப்பிடறது' என்று யோசிக்கும். வாட்ஸ்அப்பில் நாலு வரி டைப் செய்து அழிக்கும். கடைசியில் 'குட் மார்னிங் சார்' என்று மட்டும் அனுப்பும். நீ பதிலுக்கு ஒரு கைகூப்பு அனுப்பியதும் பேச்சு முடிந்துவிடும். அந்த 'குட் மார்னிங்' எத்தனை கேள்விகளை விழுங்கியது என்று உனக்குத் தெரியவே போவதில்லை.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் நிறுவனமும் வேண்டாம். அவளுக்குப் பொறுப்பாக நியமித்த மேலாளர் அவள் சேர்ந்த வாரமே விடுப்பில் போய்விட்டார். லேப்டாப் கொடுத்தார்கள், லாகின் வரவில்லை. என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோரும் போன பிறகு கிளம்பி, நடுவில் பயிற்சி வீடியோக்களையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான் கூப்பிட்டு "எப்படிம்மா போகுது?" என்றேன். "நல்லா போகுதுக்கா." அந்தப் பதிலோடு வைத்திருந்தால் அவ்வளவுதான். "இன்னிக்குக் காலையில சீட்ல உக்காந்ததும் முதல்ல என்ன பண்ணினே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "லாகினே இன்னும் வரலக்கா" என்றாள். அதற்கப்புறம் எல்லாம் வந்தது. தனக்குத் தகுதி போதாது என்று தெரிந்துதான் வேலை தராமல் இருக்கிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க நினைத்திருக்கிறாள். பெரிய அலுவலகங்களில் இன்டர்னை மறந்துவிடுவது சகஜம் என்று அவளிடம் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

அன்றிரவே இருவரும் சேர்ந்து ஒரு மெயில் எழுதினோம். அவள் முதலில் எழுதியது 'மதிப்பிற்குரிய ஐயா, தங்களின் பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும்' என்று தொடங்கி ஒரு முழுப் பத்திக்குப் போயிற்று. விஷயம் கடைசி வரியில் ஒளிந்திருந்தது. மன்னிப்பையெல்லாம் எடுத்துவிட்டு மூன்று வரியாக்கினோம். நான் இன்ன தேதியில் சேர்ந்த இன்டர்ன். எனக்கு இன்னின்ன சிஸ்டத்துக்கு அனுமதி இன்னும் வரவில்லை. திங்கள்கிழமைக்குள் கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடுவேன், அதுவரை நான் படித்து வைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். மேலாளரின் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அனுப்பி, ஹெச்.ஆரையும் சிசியில் சேர்த்தாள். திங்கட்கிழமை மதியம் லாகின் வந்தது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் மேலே இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்காமலும் ஒன்றைக் கேட்கலாம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

தன் உழைப்பால் கிடைத்த இடத்தையே ஏதோ தவறுதலாகக் கிடைத்ததாக எண்ணி, என்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருக்கும் மனநிலையை 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். அவர்கள் பார்த்தது படிப்பிலும் வேலையிலும் நன்றாகச் சாதித்த பெண்களை. சாதித்தவர்களுக்கே அப்படியென்றால், ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டி நாலு நாள் ஆன பிள்ளையை யோசித்துப் பார். அந்தப் பயத்தில் இருக்கும் பிள்ளை எதைச் செய்தாலும் செய்யும், கேள்வி மட்டும் கேட்காது. கேட்டால் தெரியாதது தெரிந்துவிடுமே!

அதனால் நீதான் போக வேண்டும். இது புதிய யோசனையும் இல்லை. 1906-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், பொறியியல் மாணவர்கள் கொஞ்ச காலம் வகுப்பிலும் கொஞ்ச காலம் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் படிக்கும் முறையைத் தொடங்கினார். இன்றைய இன்டர்ன்ஷிப்புக்கு அது ஒரு முன்னோடி. அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, அதற்கென்றே வைத்திருந்த ஒருங்கிணைப்பாளர்கள்தான். பட்டப்படிப்பு முடித்து, பட்டறை வேலையும் தெரிந்தவர்கள். காலையில் பல்கலைக்கழகம், பிற்பகலில் மாணவர்கள் வேலை பார்க்கும் பட்டறைகள் என்று இருப்பார்கள். மாணவன் தேடி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை, அவன் நிற்கும் இடத்துக்கே போனார்கள். நீயும் நானும் ஆபீசுக்குள் நுழைய முடியாது. ஆனால் போனில் போகலாம்.

என் அனுபவத்தில் முதல் அழைப்பு அவர்கள் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே இருக்க வேண்டும். அப்போது பேச வேண்டியது பணம். இதைப் பேச நமக்குக் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கு இன்னும் அதிகம். உதவித்தொகை மாத முடிவில்தான் வரும், வங்கிக் கணக்கு விவரம் தாமதமானால் அடுத்த மாதத்துக்கும் தள்ளிப்போகும். தங்குமிடத்துக்கான முன்பணம், பயணம், சாப்பாடு எல்லாம் முதல் வாரத்திலேயே கையிலிருந்து போய்விடும். 'ஸ்டைபெண்ட் உண்டு' என்ற ஒரு சொல்லை நம்பி வந்து, முதல் மாதம் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்போது வரும், எவ்வளவு பிடிப்பார்கள் என்று ஹெச்.ஆரிடம் கேட்பதில் தப்பில்லை என்பதை நீ சொன்னால்தான் கேட்பார்கள்.

இரண்டாவது அழைப்பு சேர்ந்த வாரத்தின் நடுவில். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், பதினைந்து நிமிஷம். நேரம் நிலையாக இருப்பது முக்கியம். அப்படி இருந்தால் 'தொந்தரவு பண்றோமோ' என்ற எண்ணமே வராது. பொதுவாக 'எப்படி இருக்கே' என்று கேட்காதே, அதற்கு 'நல்லா இருக்கேன்' என்ற ஒரே பதில்தான் உண்டு. நேற்று யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? இந்த வாரம் ஒன்றுமே புரியாத மீட்டிங் எது? உன் வேலையைக் கடைசியாகப் பார்த்து ஏதாவது சொன்னது யார்? பெயரும் நாளும் சொல்லிப் பதில் தர வேண்டிய கேள்விகளாகக் கேள். சாப்பாட்டுக் கேள்வியை விட்டுவிடாதே. தனியாகச் சாப்பிடும் பிள்ளைக்கு ஆபீசில் இன்னும் ஒருவரும் பழக்கமாகவில்லை என்று அர்த்தம்.

ஆட்களைத் தெரிந்துவைத்திருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்பது இங்கே வந்து தங்கிவிட்ட நமக்கு மறந்துபோகிறது. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், அறிமுகம் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், 'அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்' என்று கேட்டதைச் சொல்கிறார். அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் 55.6, அபூர்வமாகப் பார்ப்பவர் 27.8. நெருங்கியவர்களைவிட லேசாகப் பழகியவர்களே வேலைக்கு அதிகம் வழி காட்டியிருக்கிறார்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதான். தூரத்துப் பழக்கம்தான் புதுச் செய்தியைக் கொண்டுவரும். நம்மிடம் வரும் பிள்ளைக்கு உயிரைக் கொடுக்கும் நண்பர்கள் இருப்பார்கள், இந்த ஊரில் லேசாகப் பழகியவர் என்று ஒருவர்கூட இருக்க மாட்டார். நீதான் முதல் ஆள். உன்னோடு நிற்காமல், இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் இன்னும் இரண்டு மூன்று பேரிடம் அறிமுகப்படுத்திவிடு. 'இவருக்கு வேலை கொடுங்கள்' என்று கேட்க வேண்டாம். 'உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று இருபது நிமிஷம் சொல்லுங்கள்' என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிவிடாதே. உன்னால் முடிந்தாலும் இப்போது சொல்லாதே. சொன்ன நாளிலிருந்து அந்தப் பிள்ளை உன்னிடம் உண்மை பேசாது. தன் குறை எதையும் காட்டாமல், உன்னிடமும் இன்டர்வியூவில் உட்கார்ந்தது போலவே பேசும்.

சில எல்லைகளும் உண்டு. நேரில் பார்த்தால் பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில் பார். அவர்கள் நிறுவனத்தில் என்ன தயாரிக்கிறார்கள் என்று விவரமாகக் கேட்காதே, ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். உன்னிடம் சொன்னதை எடுத்துக்கொண்டு, அவர்களைக் கேட்காமல் மேலாளருக்குப் போன் போடாதே, உனக்கு அவர் எவ்வளவு நெருக்கமானாலும் சரி. ஆனால் யாராவது தப்பாக நடந்துகொண்டார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், 'அங்கெல்லாம் அப்படித்தான், அனுசரிச்சுப் போ' என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வரவே கூடாது. முழுசாகக் கேள். தேதியோடு எழுதி வைக்கச் சொல். நிறுவனத்திலும் பல்கலைக்கழகத்திலும் புகாரை யாரிடம் கொடுப்பது என்று தேடிக் கொடு. புகார் கொடுப்பதா என்ற முடிவு அந்தப் பிள்ளையுடையது. எதை முடிவு செய்தாலும் கூட இரு.

நீ எனக்கு எழுதியதில் இன்னொரு கவலையும் தெரிந்தது: 'நான் பெரிய பதவியில இல்லையே அக்கா.' இல்லாததுதான் நல்லது. முதல் மாதம் ஆபீசில் எது குழப்பியது என்று பெரிய பதவியில் இருப்பவருக்கு நினைவிருக்காது, உனக்கு இருக்கும். மீட்டிங்கில் புரியாததை அப்போதே கேட்பதா, பிறகு தனியாகக் கேட்பதா, மேலாளர் கிளம்பும் முன் தான் கிளம்பலாமா, சாட்டில் எழுதுவதா மெயில் போடுவதா என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அதைச் சொல்லித் தர நீ போதும்.

கடைசி இரண்டு வாரத்தில் இதை மட்டும் மறக்காதே. லாகினை மூடிவிட்டால் அவர்கள் செய்த எதையும் திரும்பப் பார்க்க முடியாது. அதற்கு முன்பே, என்ன செய்தேன், யாரோடு செய்தேன், அதனால் என்ன மாறியது என்று நிறுவன ரகசியம் எதுவும் வராமல் ஒரு பக்கம் தங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல். பரிந்துரைக் கடிதத்தையும் அங்கே இருக்கும்போதே கேட்கச் சொல். ஆறு மாதம் கழித்து மெயில் போட்டால் மேலாளருக்கு முகம்கூட ஞாபகம் இருக்காது.

உனக்கு ஒதுக்கிய மூன்று பேரின் விவரத்தை இன்று மாலை அனுப்புகிறேன். அதில் ஒரு பெண்ணுக்குத் தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை, அவளுக்கு முதலில் போன் போடு. எடுக்காவிட்டால் நீ யார், எதற்காகக் கூப்பிட்டாய் என்று ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, மறுநாள் மறுபடியும் கூப்பிடு. தெரியாத நம்பரை அவர்கள் எடுக்க மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா