அந்த மேட்டு நிலத்தைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொடுங்கள்

திருவாரூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மூணாறு தலைப்பில் பிரியும் கோரையாற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் சாகுபடி செய்கிறவன் நான். எங்கள் ஊர்க் கடைத்தெருவைத் தாண்டியதும் ஒன்றேகால் ஏக்கரில் ஓர் அரசு வளாகம் இருக்கிறது. ஒரு துறையின் பண்டகசாலையும் பணியாளர் குடியிருப்பும் இருந்த இடம். 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அங்கே யாரும் குடிவரவில்லை. இன்று சீமைக்கருவைதான் குடியிருக்கிறது. துறையின் பெயர் உங்கள் கிராம நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டில் இருக்கும். யாரையும் சந்தியில் நிறுத்த இதை எழுதவில்லை என்பதால் இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

எங்களுக்கு வேண்டியது அந்தக் கட்டடம் அல்ல, அது நிற்கும் மேடு. வாரக்கணக்கில் மழை பெய்து நாலாபுறமும் வயல் முழுகிக் கிடந்தபோதும் அந்த வளாகத்துக்குள் கணுக்கால் தண்ணீர்கூட நின்றதில்லை. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இங்கே நஞ்சை எவ்வளவு வேண்டுமானாலும் உண்டு, மேடு கிடையாது.

எங்கள் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நிரந்தர இடமில்லை. ஒரு வருஷம் கோயில் திடல், இன்னொரு வருஷம் யாரோ ஒருவரின் மனை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை புரட்டாசி, ஐப்பசியில் அறுப்புக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் இறங்கும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றிய அரசின் விதி. 2022 அக்டோபரில் அதை 19 வரை தளர்த்தினார்கள். அந்தத் தளர்வுக்காக ஒவ்வொரு மழைக்கும் டெல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. காயப்போட சிமென்ட் களமும் அடுக்கிவைக்கக் கூரையும் இருந்தால் எங்கள் தவிப்பில் பாதி குறையும்.

போன ஐப்பசியில் என் நெல் ஒன்பது நாள் தார்ச்சாலை ஓரத்தில் கிடந்தது. பகலில் வெயில் கண்டால் பரப்புவோம், மேகம் கண்டால் குவிப்போம். ஏழாம் நாள் தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டால் குவியலுக்குள் கதகதவென்று சூடு. அடிநெல் முளைவிட்டிருந்தது. நிலையத்தில் இருந்த பட்டியல் எழுத்தரும் சுமைதூக்குகிறவர்களும் எங்களோடு சேர்ந்துதான் நனைந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்று இரவு சாலையில் கிடந்த நெல்லில் வண்டி சறுக்கி, பக்கத்துத் தெருப் பையன் முழங்கை உடைந்தது. அது இன்னும் என் மனசை அறுக்கிறது.

புது இடம் வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வாங்கினால் அது விளைகிற நஞ்சையாகத்தான் இருக்கும். 2020-ல் இந்த மண்ணைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டுவிட்டு, அரசு நிலம் சும்மா கிடக்க வயலைத் தூர்ப்பது நியாயமா?

தடை எங்கே வரும் என்று கொஞ்சம் தெரியும். கொள்முதல் நிலையத்தை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-ல் நிறுவனச் சட்டப்படி பதிவானது. ஆகவே துறையிலிருந்து துறைக்குப் போகிற நில மாற்றம்போல இது எளிதாக நடக்காமல், சந்தை மதிப்பு எவ்வளவு, யார் கட்டுவது என்று கோப்பு சுற்றக்கூடும். ஆனால் கழகம் முழுக்க அரசுக்குச் சொந்தமானது. அப்பாவின் பையிலிருந்து எடுத்து அம்மாவின் சுருக்குப்பையில் வைக்க விலை எதற்கு? விலையில்லாமல் மாற்றித்தரும்படி அரசுக்கு நீங்கள் பரிந்துரைக்க வேண்டும். அந்தத் துறையிடம் 'தேவையில்லை' என்று எழுத்தில் வாங்குவதும் உங்களால்தான் ஆகும். ஆணை வருவதற்கு முன்பே உள்ளே போய் வேலை தொடங்க முன்நுழைவு அனுமதி கொடுத்தால், இந்தக் குறுவைக்கே தற்காலிகக் கூரை போட்டுவிடலாம். வளாகத்தை ஏலத்துக்கு விடப்போகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. அது மட்டும் வேண்டாம் ஐயா. ஒருமுறை மனையாகிவிட்டால் அந்த மேடு ஊருக்குத் திரும்பாது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். வளாகத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு வடிகால் ஓடுகிறது. அளக்கும்போது அதையும் அதன் கரையையும் விட்டுவிடுங்கள். நெல்லுக்கு இடம் கொடுக்கப் போய் வெள்ளம் வடியும் வழியை அடைத்துவிடக் கூடாது. உள்ளே நிற்கும் இரண்டு பெரிய புளியமரங்களும் இருக்கட்டும். மூட்டை தூக்குகிறவர்கள் சோறு உண்ண நிழல் வேண்டும்.

ஆடி முடிவதற்குள் நில அளவரை ஒருநாள் அனுப்புங்கள். கருவையை வெட்டி வழிவிடவும் சங்கிலி பிடிக்கவும் நாங்கள் ஆள் தருகிறோம்.

இப்படிக்கு,
கோரையாற்றுப் பாசன விவசாயி ஒருவன்