இரும்புக்கை மாயாவிக்கு நூலகத்தில் ஓர் அலமாரி: பொது நூலகத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது நூலகத் துறை இயக்குநர் அவர்களுக்கும் கன்னிமாரா நூலகத்தின் நூலகர்களுக்கும் வணக்கம்.

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. நாயகன் இரும்புக்கை மாயாவி. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியும் அவன் கதைகளுக்கு மறுபதிப்பு வருகிறது, வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் அந்த முதல் பதிப்புகளை ஒருவர் பார்க்க விரும்பினால், யாராவது ஒரு வாசகரின் வீட்டுப் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் தாள் ஒவ்வொரு கோடையிலும் இன்னும் கொஞ்சம் நொறுங்குகிறது. தமிழ்க் காமிக்ஸுக்கு முறையான காப்பகத் தொகுப்பு ஒன்றை நீங்கள் தொடங்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். எதை, எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில், இவனைக் காப்பாற்ற வேண்டியது ஏன் என்பது. லூயிஸ் கிராண்டல் என்ற இந்தப் பாத்திரம் லண்டனில் பிறந்தது. ஃப்ளீட்வே நிறுவனத்தின் ‘வேலியண்ட்’ வார இதழ் 1962 அக்டோபர் 6 அன்று தொடங்கியபோது முதல் இதழிலேயே வந்துவிட்டான். எழுதியவர் கென் பல்மர், அவருக்குப் பின் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனா ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன் கிராண்டல். உயர் அழுத்த மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், எஃகுக் கை மட்டும் மறையாது. மின்சாரத்தின் வேகம் தணிந்ததும் உடல் மறுபடி தெரிந்துவிடும். தொடக்கக் கதையில் அவன் நல்லவனும் அல்ல. சக்தி கிடைத்ததும் பேராசை தலைக்கேறி அலைகிறான். திருந்தி, ரகசிய உளவு அமைப்பில் சேர்வதெல்லாம் பிறகுதான்.

இந்தப் பலவீனங்கள்தான் அவனை நிலைக்க வைத்தன என்பது எங்கள் கணிப்பு. பறக்க மாட்டான், மலையைத் தூக்க மாட்டான். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு மின்கம்பி. அது அறுந்தால் அவனும் நம்மைப் போல ஓர் ஆள். ஆங்கிலத்தில் ‘தி ஸ்டீல் க்ளா’ என்று வெறும் எஃகு நகத்தைச் சொல்லும் பெயரைத் தமிழில் ‘இரும்புக்கை மாயாவி’ ஆக்கியவர்கள், மறையாத இரும்பையும் மறைகிற மாயாவியையும் ஒரே பெயருக்குள் கட்டிப்போட்டார்கள். கதையின் முடிச்சு முழுவதும் தலைப்பிலேயே இருக்கிறது. பிளாஸ்கோவின் ஓவியமோ கறுப்பை நம்பி நிற்பது. இருண்ட அறை, பாதி திறந்த கதவு, நடுவில் அந்தரத்தில் ஒரு கை. மீதி உடலை வாசகன் தானே வரைந்துகொள்கிறான். தாள் பழுப்பேறி மையும் வெளுத்துப்போனால் முதலில் போவது அந்தக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள இடைவெளிதான்.

மறுபதிப்பு இருக்கும்போது பழைய இதழ் எதற்கு என்று கேட்கலாம். மறுபதிப்பு கதையைத் தரும், இதழைத் தராது. பழைய இதழில் இங்கேயே வரையப்பட்ட அட்டை ஓவியம் இருக்கிறது, ஆசிரியர் பகுதி, வாசகர் கடிதம், விளம்பரம், விலை எல்லாம் இருக்கின்றன. ஆங்கில வசனத்தின் அளவுக்கு வரைந்த பலூனுக்குள் நீளமான தமிழ்ச் சொற்களை எப்படி அடக்கினார்கள், எதை வெட்டினார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதும் அதில்தான் தெரியும். தமிழ் மொழிபெயர்ப்பையும் சிவகாசி அச்சுத் தொழிலையும் ஆராய்கிறவர்களுக்கு இவை முதன்மைச் சான்றுகள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் 30 நாள்களுக்குள் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாரா ஒன்று. அப்படி வந்த காமிக்ஸ் இதழ்கள் எவை, இன்று இருப்பவை எவை என்ற பட்டியலை முதலில் எடுத்து வெளியிடுங்கள். எது இல்லை என்று தெரிந்தால்தான் வாசகர்களிடம் எதைக் கேட்பது என்று தெரியும்.

பட்டியல் எடுக்கும்போதே ஒரு சிக்கல் வரும். ‘மாயாவி’ என்ற பெயர் ஓர் ஆளுக்கு உரியது அல்ல. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் லூயிஸ் கிராண்டல். 1984 முதல் 2005 வரை வந்த ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் லீ ஃபாக் 1936இல் உருவாக்கிய ‘ஃபேண்டம்’ என்ற முகமூடி வீரர். அவரையே முத்து காமிக்ஸ் வேதாளர் என்றது. பெயரை மட்டும் பார்த்துப் பதிந்தால் இரண்டு நாயகர்களின் கதைகளும் ஒரே குவியலில் விழும். இதோடு ஒரே கதை வேறு தலைப்பில், வேறு பக்க எண்ணிக்கையில் திரும்ப வருவதும் உண்டு. ஆகவே ஒவ்வோர் இதழுக்கும் பதிப்பகம், இதழ் எண், மாதம், ஆண்டு, விலை, பக்கம் ஆகியவற்றோடு மூலத் தொடரின் பெயர், ஓவியர், முதல் பதிப்பா மறுபதிப்பா என்ற விவரமும் பதிவாக வேண்டும். நூல்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் டூயி பகுப்பில் காமிக்ஸுக்கு 741.5 என்று தனி எண்ணே இருக்கிறது. சிறுவர் பிரிவில் சேர்த்துவிட்டால் நான்கு கோடை விடுமுறைக்குள் கிழிந்து கழிவுப் பட்டியலுக்குப் போய்விடும். சிறுவர்கள் படிக்க மறுபதிப்பை வையுங்கள், முதல் பதிப்பை அல்ல.

அடுத்தது தாள். இந்த இதழ்கள் பெரும்பாலும் மலிவான நியூஸ்பிரிண்டில் அச்சானவை. மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது. தாளில் உள்ள அமிலம் இழைகளைத் துண்டுதுண்டாக அறுக்கிறது. சூடும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். பழுப்பை நீக்க முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். 20 முதல் 22 டிகிரி செல்சியஸ், 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் என்று வைத்தால் போதும். ஆனால் இரவும் பகலும் அப்படியே இருக்க வேண்டும். அலுவலக நேரத்தில் குளிரூட்டியை ஓட்டி மாலையில் நிறுத்துவது, ஓட்டாமலே இருப்பதைவிடக் கெடுதல் செய்யக்கூடும். சென்னையின் இரவுக் காற்று உள்ளே வந்ததும் தாள் உப்பும், காலையில் சுருங்கும், மடிப்பில் விரிசல் விடும். ஈரப்பதம் 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த பகை ஸ்டேப்ளர் பின். துருப்பிடித்த பின் சுற்றியிருக்கும் தாளைத் தின்று நடுப்பக்கத்தை உதிர்த்துவிடும். பின் எடுக்கும் பல் கருவியால் பிடுங்கவே கூடாது, ஓட்டை கிழிசலாகிவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய மெல்லிய தகட்டால் பின்னின் இரு கால்களையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக மெல்ல வெளியே இழுக்க வேண்டும். பிறகு அதே ஓட்டைகள் வழியாகப் பருத்தி நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் போதும்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவது நம் ஊரில் எல்லாரும் செய்வது. சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் உரிந்து விழும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறையாக நிற்கும். அதைக் கழுவினால் மையும் சேர்ந்து போகலாம். சதுர மீட்டருக்கு 10 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள ஜப்பானிய மெல்லிய தாளையும், தண்ணீரில் கரைத்த 2 முதல் 3 விழுக்காடு மெதில் செல்லுலோஸ் பசையையும் பயன்படுத்துங்கள். தேவைப்பட்டால் ஈரம் காட்டி எடுத்துவிடலாம். மைதாப் பசை வேண்டாம், இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. லேமினேஷன் அறவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது.

பத்துப் பன்னிரண்டு இதழ்களைச் சேர்த்துப் பைண்டிங் செய்யும் வழக்கத்தால் பல இதழ்கள் பிழைத்தன, அதே வழக்கத்தால் பல சிதைந்தன. ஓரத்தை வெட்டியதில் ஓவியக் கட்டம் போனது. பக்கவாட்டில் தைத்ததில் உள்பக்க வசனம் தையலுக்குள் மறைந்தது. அட்டை சில நேரம் கிழித்தெறியப்பட்டது. நீங்கள் புதிதாக எதையும் பைண்ட் செய்ய வேண்டாம். பைண்ட் செய்து வந்ததைப் பிரிக்கவும் அவசரப்பட வேண்டாம், முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

வெளியிலிருந்து வரும் எந்த இதழையும் நேராக அலமாரியில் வைக்காதீர்கள். பாலித்தீன் பையில் காற்றை நீக்கிக் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையை உடனே திறந்தால் தாள்மேல் நீர் கோக்கும், ஒரு நாள் முழுக்கக் கட்டியபடியே இருக்கட்டும். பிறகு ஒவ்வோர் இதழும் தனித்தனிப் பாலியெஸ்டர் உறைக்குள், பின்னால் அமிலமற்ற அட்டையோடு போக வேண்டும். கடையில் கிடைக்கும் பிவிசி உறை ஒட்டிக்கொண்டு மையை இழுத்துவிடும். பாலியெஸ்டரையும் நான்கு பக்கமும் மூடாதீர்கள், அமில ஆவி வெளியேற வழி வேண்டும். புரட்டுகிறவருக்குக் கையுறை தேவையில்லை. துணிக் கையுறையில் தாளின் முனை தெரியாமல் கிழிந்துவிடும். கழுவித் துடைத்த வெறும் கையே நல்லது.

ஸ்கேன் செய்வதில் ஒரே ஒரு வேண்டுகோளை விட்டுக்கொடுக்காதீர்கள்: அங்குலத்துக்கு 600 புள்ளி (600 டிபிஐ), முழு வண்ணம், சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பு. கறுப்பு-வெள்ளைப் பக்கம்தானே என்று இருநிறத்தில் எடுத்தால் பிளாஸ்கோவின் மெல்லிய கோடுகள் உடையும், நிழலுக்காக இட்ட புள்ளிகள் கூடிக் கறையாகும். அச்சு மறுபக்கம் தெரியாமல் இருக்கப் பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். தட்டை ஸ்கேனரில் முதுகை அமுக்காமல், மேலிருந்து படமெடுக்கும் தொட்டில் வகைக் கருவியைப் பயன்படுத்துங்கள். ஏ5 அளவுப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 52 மெகாபைட் வரும். அட்டையோடு 68 பக்கம் என்றால் ஓர் இதழுக்கு மூன்றரை ஜிகாபைட், ஆயிரம் இதழுக்கு மூன்றரை டெராபைட். மூன்று பிரதி வைத்தாலும், அதில் ஒன்றை 2023இல் திறந்த மதுரை நூலகத்தில் வைத்தாலும், ஓர் அரசுத் துறைக்கு இது பெரிய செலவு அல்ல.

உரிமைச் சிக்கலை நாங்கள் மறக்கவில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் பிரதி உள்ள படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவது வேறு. அதற்குத் தமிழ்ப் பதிப்பாளரிடமும் மூல உரிமையாளரிடமும் எழுத்தில் அனுமதி வேண்டும். ஃப்ளீட்வேயின் பழைய தொடர்களில் பெரும்பகுதி 2016, 2018 ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெபெல்லியன் நிறுவனத்துக்குப் போய்விட்டது. கடிதம் எழுத வேண்டிய முகவரி அது. அனுமதி கிடைக்கும்வரை கோப்பு காப்பகத்திலேயே இருக்கட்டும். அட்டவணையை மட்டும் உடனே எல்லாருக்கும் திறந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. சேகரிப்பாளர்கள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். நாற்பது ஆண்டு தேடிச் சேர்த்தது, கொடுக்கச் சொல்வதும் நியாயம் அல்ல. ஒப்பந்தத்தோடு இரவல் வாங்குங்கள். வரும்போது பக்கவாரியாக நிலையை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பட்டியல் எடுத்து, பதிப்புரிமையாளர்களின் அனுமதியோடு ஸ்கேன் செய்து, 30 நாளில் புதிய உறையிலும் அட்டையிலும் வைத்துத் திருப்பிக் கொடுங்கள், படக்கோப்பு ஒன்றையும் சேர்த்து. நன்றாக நடந்தது என்ற சொல் பரவினால் மற்றப் பெட்டிகள் தானாக வரும். தொடக்கமாக, முத்து காமிக்ஸின் முதல் நூறு இதழ்களில் உங்களிடம் இல்லாதவற்றின் எண்களை அறிவியுங்கள். அந்த எண்களைத் தேடித்தரும் வேலையை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்க் காமிக்ஸ் வாசகர்கள், சேகரிப்பாளர்கள்